கெண்டைக்காலை நீட்டினால் குதிகால் நாணுக்கு என்ன நடக்கிறது? கொழும்பில் ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரைன் டிரைவிலும் சுதந்திர சதுக்கத்திலும் விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றியும் காலையில் ஓடுகிறவர்களில் அநேகம் பேர் வேலைக்குப் போகிற ஆட்கள். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்தாறு கிலோமீற்றர், வருடத்தில் ஒரு 10 கிலோமீற்றர் போட்டி, துணிந்தால் ஓர் அரை மரதன். இவர்களில் ஒருவர் குதிகாலுக்கு மேலே நோகிறது என்று வாய் திறந்தால் பக்கத்தில் ஓடுபவர் உடனே சொல்வது, "கெண்டைக்காலை நல்லா இழுத்து விடுங்கோ" என்பதுதான். அந்த ஆலோசனை எவ்வளவு தூரம் சரி என்று எங்கள் ஓட்டக் குழுவில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன். நாண் அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தங்கள் வைத்தியரும் இயன்மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) சொல்வதன்படி நடக்கட்டும்.

குதிகால் நாண் என்பது எது?

குதிகாலுக்குப் பின்பக்கம் மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் தடிப்பாகத் தட்டுப்படுகிறதே, அதுதான். ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளம். உடம்பில் உள்ள நாண்களில் தடித்ததும் பலமானதும் இதுவே. மேலே கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருக்கின்றன. வெளியே திரண்டு தெரிகிற தசை முழங்காலைத் தாண்டி, தொடை எலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் மற்றத் தசை முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து நாணாகி, குதிகால் எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. முழங்காலை நேராக வைத்தால் வெளித்தசை கூடுதலாக இழுபடும். மடக்கினால் அது தளர்ந்து, வேலை அடித்தசைக்குப் போய்விடும்.

தினமும் நீட்டினால் நாண் நீளமாகுமா?

ஆகாது. கணுக்கால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்கும், அது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் எவ்வளவு என்று தெரிந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2006ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிடைத்த சராசரி 2 முதல் 3 பாகை. மணிக்கூட்டின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் அளவு.

அந்த இரண்டு மூன்று பாகையும் நாணிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. பெல்ஜியத்தில் 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் 6 வாரம் கெண்டைக்காலை நீட்டிப் பிடித்தார்கள். கணுக்கால் கூடுதலாக மடங்கியது, மடக்கும்போது தசை காட்டிய எதிர்ப்புக் குறைந்தது. ஆனால் நாணின் விறைப்பு மாறவில்லை. ஒஸ்திரியாவில் 2014இல் வந்த ஆய்வும் 6 வாரம்தான். அதில் தசையிலோ நாணிலோ அமைப்பு மாறியதாகக் காணவில்லை, மடங்கும் அளவு மட்டும் கூடியிருந்தது. அப்படியானால் என்னதான் மாறுகிறது? பெரும்பாலும் தாங்கும் பழக்கம். முதல் கிழமையில் "போதும், போதும்" என்று சத்தம் போட்ட உடம்பு, ஆறாவது கிழமையில் அதே இழுவையைப் பேசாமல் விடுகிறது. இழையின் நீளம் கூடுவதற்கு முன்பே நரம்புத் தொகுதியின் பொறுமை கூடிவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்திப் பிடிக்காமல், துள்ளித் துள்ளி நீட்டியவர்களுக்கு அதே பெல்ஜிய ஆய்வில் நாணின் விறைப்புக் குறைந்தது. ஆகவே எப்படி நீட்டினாலும் நாண் அசையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. மதிலைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நிற்கிற வழமையான முறைக்குத்தான் இந்தப் பதில்.

நீட்டி முடித்த கையோடு நாண் தளர்ந்துவிடுகிறது என்கிறார்களே?

நிறைய நேரம் நீட்டினால் கொஞ்ச நேரத்துக்குத் தளரும். ஜப்பானில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில் தொடர்ந்து 10 நிமிடம் கெண்டைக்காலை இழுத்துப் பிடித்தபோது நாணின் விறைப்புக் குறைந்தது. பத்து நிமிடம் என்பதைக் கவனியுங்கள். ஓட வருகிறவர்களில் பாதிப் பேர் பத்து விநாடிக்கு மேல் நிற்பதில்லை, அதிலும் ஐந்து விநாடி கைத்தொலைபேசியைப் பார்ப்பதில் போய்விடும். அந்த அளவுக்கு நாண் அசைந்துகொடுக்காது.

நாண் விறைப்பாக இருப்பது கூடாதது இல்லையா?

இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம். தசை இறுகியிருப்பதாகத் தோன்றுவது ஓர் உணர்ச்சி. நாண் விறைப்பாக இருப்பது அதன் இயல்பு, ஓடுபவருக்கு வேண்டிய இயல்பும்கூட. கால் தரையில் படும்போது நாண் இழுபட்டுச் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. தள்ளி எழும்பும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. கெற்றபோல் இறப்பர் நைந்துபோனால் கல் எவ்வளவு தூரம் போகும் என்று சின்ன வயதில் விளையாடிய எல்லோருக்கும் தெரியும். நாண் தொய்ந்தால் அந்த வேலையைத் தசை செய்யவேண்டி வரும், அதே வேகத்துக்குக் கூடுதலாகக் களைப்பீர்கள்.

நாணில் ஏறும் பாரமும் சின்னதல்ல. மெதுவாக ஓடினாலே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு வரை வரும் என்று கணித்திருக்கிறார்கள். 70 கிலோ ஆள் என்றால் 420 முதல் 560 கிலோ. ஐந்து கிலோமீற்றரில் இது ஒரு காலுக்கு ஏறக்குறைய 2500 தடவை நடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை போய்த் திரும்பினால் இன்னும் கூட. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு, மதிலில் கை வைத்து நிற்கும் அரை நிமிடம் அதற்கு முன்னால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடுவதற்கு முன்னால் நீட்டலாமா, கூடாதா?

நீட்டலாம். ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் பிடித்து நீட்டினால் அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் பலமும் துள்ளலும் சிறிது குறைகின்றன. அதற்குக் குறைவாக நீட்டினால் வித்தியாசம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. போட்டி நாளில் ஆரம்பக் கோட்டில் நின்று இரண்டு நிமிடம் இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, பிறகு மெதுவாக ஓடி, நடுவில் பத்துப் பதினைந்து தடவை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கொழும்பில் விடியற்காலையிலேயே பெரும்பாலும் 22 பாகைக்கு மேல் சூடு, உடம்பு சூடேற அதிக நேரம் எடுக்காது. ஆனால் வெளிக் காற்று சூடாக இருப்பதும் நாண் வேலைக்குத் தயாராக இருப்பதும் ஒன்றல்ல. வியர்த்துவிட்டது என்பதற்காக முதல் கிலோமீற்றரிலேயே வேகம் பிடிக்க வேண்டாம்.

நீட்டினால் காயம் வராது என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?

விளையாட்டுப் போட்டிக் காலத்தில் எல்லோருக்கும் சொல்லித் தந்ததுதான். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அவுஸ்திரேலியர்கள். அங்கே இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்து, பயிற்சிக்கு முன்னால் ஒரு பகுதியினரை நீட்டச் சொன்னார்கள், மறு பகுதியினரை விட்டுவிட்டார்கள். 1998இல் வந்த முதல் ஆய்வு கெண்டைக்காலை மட்டும் பார்த்தது, 1093 பேர். 2000இல் வந்த அடுத்தது காலின் மற்றத் தசைகளையும் சேர்த்தது, 1538 பேர். இரண்டிலும் காயம் அடைந்தோர் தொகையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இராணுவப் பயிற்சியும் நமது காலை ஓட்டமும் ஒன்றல்ல என்று வாதாடலாம், நியாயம்தான். ஆனாலும் நீட்டுவதில் பெரிய பாதுகாப்பு இருந்திருந்தால் அவ்வளவு ஆட்களில் அதன் நிழலாவது தெரிந்திருக்க வேண்டும்.

சிவனொளிபாதமலை ஏறி வந்த பிறகு மூன்று நாளாக நடக்க முடியவில்லை. முன்கூட்டியே நீட்டியிருந்தால் தப்பியிருக்கலாமா?

நல்லதண்ணியிலிருந்து ஏறினால் 5500 படிகள் அளவில் என்று சொல்வார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நோவைத் தருவது இறங்கும் படிகள். பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள வேண்டியிருப்பதால் வரும் நோவு அது. முன்னாலோ பின்னாலோ நீட்டுவதால் இந்த நோவு குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு 2011இல் தொகுத்தபோது கிடைத்த பயன், நோவை 100 புள்ளிக்கு அளந்தால் ஒரு புள்ளி அளவு அல்லது அதற்கும் கீழே. அடுத்த பருவத்துக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் தொடர்மாடியில் படி இறங்கிப் பழகுங்கள், அது உதவும்.

அப்படியென்றால் நாணுக்கு எதுதான் நல்லது?

பாரம். கனமாகவும் மெதுவாகவும் ஏற்றி, கிழமைக் கணக்காகத் தொடரும் பாரம்.

நாண் சோம்பலான இழையம். வளர்ந்தவர்களில் அதன் உட்பகுதி புதுப்பிக்கப்படுவதே இல்லை என்ற அளவுக்குச் சோம்பல். இதைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை திறந்த வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் கூடியது. அது உணவு வழியாக எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களின் குதிகால் நாணை எடுத்து இந்தக் கரிமத்தை அளந்து பார்த்தார்கள். நாணின் உட்பகுதியில் இருந்த அளவு, அவர்களுக்கு ஏறக்குறைய 17 வயதாகும் வரை காற்றில் இருந்த அளவோடு பொருந்தியது. இன்று நீங்கள் ஓடுவது, பெரும்பாலும், சாதாரண தரம் படித்த காலத்தில் கட்டி முடிந்த நாணில்தான்.

அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கனமான பாரத்தைத் தொடர்ந்து கொடுத்தால் வளர்ந்தவர்களிலும் நாணின் விறைப்பும் தாங்கும் திறனும் கூடுகின்றன. அதற்கு 12 வாரமளவு தேவை. தசை ஒரு மாதத்திலேயே பலம் காட்டத் தொடங்கிவிடும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்: தசைக்குத் தெம்பு வந்துவிட்டது, மூச்சும் பிடிக்கிறது, தூரத்தைக் கூட்டுகிறார்கள். நாண் இன்னும் பின்னாலேயே நிற்கிறது.

நோவு வந்தவர்களுக்கான புகழ்பெற்ற பயிற்சி சுவீடனிலிருந்து வந்தது. ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1998இல் வெளியிட்டது. அவருக்கே குதிகாலில் நோவு இருந்ததும், சத்திரசிகிச்சை கிடைக்காததால் அறுந்தாலும் அறுந்து போகட்டும் என்று பாரம் ஏற்றத் தொடங்கியதும் இந்தத் துறையில் பலர் சொல்லும் கதை. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பொழுதுபோக்காக விளையாடும் 15 பேர். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவதுதான் பயிற்சி. முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180 இறக்கம். அந்த 15 பேரும் பழையபடி ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

நாளுக்கு 180 என்பது அலுவலகம் போகிற மனிதருக்கு நடக்கிற காரியமா? டென்மார்க்கில் 2015இல் இதையும், கிழமைக்கு மூன்று நாள் மட்டும் கனமாகச் செய்யும் முறையையும் ஒப்பிட்டார்கள். முன்னேற்றம் ஒரே மாதிரி. ஆகவே நேரம் இல்லாதவர்கள் மூன்று நாள் முறையை எடுக்கலாம், நானும் அதைத்தான் சொல்வேன்.

வீட்டில் எப்படிச் செய்வது? ஜிம்முக்குப் போக வசதியில்லை.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருப்பவருக்குப் படிக்கட்டுத் தேட வேண்டியதில்லை. கைபிடியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே தொடங்குங்கள். இரண்டு காலாலும் மூன்று விநாடி எடுத்து உயர்ந்து, மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். சுகமாகத் தோன்றினால் ஒரு காலில். அதுவும் சுகமானால் படி விளிம்பில். பிறகு முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வையுங்கள். அது பழகினால் இரண்டாவது. 8 முதல் 12 தடவை, மூன்று நான்கு சுற்று, சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. கடைசி இரண்டு தடவையும் உண்மையாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். சிரித்துக் கதைத்தபடி முடிக்க முடிந்தால் பாரம் போதாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். படி ஏறுவோருக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள், மேல் வீட்டு அன்ரி என்ன ஏது என்று கேட்பதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும்.

உங்கள் நிலை என்ன என்று அறிய, ஒரு காலில் நின்று எத்தனை தடவை முழுதாக எழும்ப முடிகிறது என்று எண்ணுங்கள். இயன்மருத்துவர்கள் வழமையாகப் பார்க்கும் அளவு 25. பத்தில் நின்றுவிடுகிறவர் நீட்டுவதைப் பற்றிக் கவலைப்படும் நேரம் இதுவல்ல.

காலையில் எழும்பி முதல் நாலைந்து அடி வைக்க நோகிறது. நீட்டினால் சரியாகுமா?

நோகும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். பதில் அந்த இடத்தைப் பொறுத்தது.

குதிகால் எலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்ரிமீற்றர் தூரத்தில், நாணின் நடுவில் நோகிறது என்றால் மெதுவாக நீட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை. பெரிய பலனும் எதிர்பார்க்க வேண்டாம். மேலே சொன்ன பாரப் பயிற்சிதான் முக்கிய வேலை.

நாண் எலும்பில் போய்ப் பிடிக்கிற இடத்திலேயே, சப்பாத்தின் பின்விளிம்பு உரசும் இடத்தில் நோகிறது என்றால் நீட்டுவதை நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது அந்த இடத்தில் நாண் இழுபடுவதோடு நிற்பதில்லை, குதிகால் எலும்பின் மேல்மூலையில் அழுந்தவும் செய்கிறது. ஏற்கெனவே புண்பட்ட இடத்தைத் தினமும் இரண்டு தடவை எலும்போடு சேர்த்து நசுக்கினால் எப்படி ஆறும்? நீட்டினால் சுகமாகத்தான் இருக்கும், அது சில நிமிடங்கள். மறுநாள் காலையில் கூடுதலாக நோகும். "நான் ஒழுங்காக நீட்டுகிறேன், ஆனால் மாறவில்லை" என்று சொல்கிறவர்களில் கணிசமானோர் இந்த வகை. பாரப் பயிற்சிக்கும் இதே நியாயம். படி விளிம்பில் குதிகாலை முழுவதும் கீழே இறக்கியபோது இவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே தேறினார்கள் என்று 2003இல் சுவீடனில் கண்டார்கள். தரை மட்டத்தோடு நிறுத்தியபோது, 2008இல், மூன்றில் இரண்டு பங்கினர் தேறினார்கள். ஆகவே இவர்கள் தரையிலேயே செய்யுங்கள். கொஞ்ச நாளைக்கு வீட்டில் வெறுங்காலோடு நடக்காமல், குதி சற்று உயர்ந்த செருப்பைப் போடுங்கள். குந்தி உட்காருவதையும் குறையுங்கள்.

மூன்றாவது இடம் குதிகாலின் அடிப்பக்கம். அது நாண் இல்லை, உள்ளங்காலில் விரிந்து கிடக்கும் பட்டை. அதற்குக் கெண்டைக்காலை நீட்டுவதைவிட, கால் விரல்களைக் கையால் பின்னுக்கு வளைத்து உள்ளங்காலை நீட்டுவது கூடிய பலன் தந்தது என்று 2003இல் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே செய்யலாம்.

நோவோடு ஓடலாமா, முழுதாக நிறுத்த வேண்டுமா?

நாணின் நடுவில் நோவு உள்ள பலருக்கு நிறுத்தத் தேவையில்லை. சுவீடனில் 2007இல் ஒரு பகுதியினரை நோவு 10க்கு 5ஐத் தாண்டாத வரை ஓட விட்டார்கள், மற்றவர்களை ஆறு வாரம் ஓடாமல் வைத்தார்கள். இரு பகுதியினரும் பாரப் பயிற்சி செய்தார்கள், ஓடியவர்கள் பின்தங்கவில்லை. அளவுகோல் அடுத்த நாள் காலை. இன்றைய ஓட்டத்தால் நாளைய முதல் அடிகள் கூடுதலாக நோகாவிட்டால் தொடரலாம். நொந்தால் தூரத்தையும் வேகத்தையும் குறையுங்கள், ஏற்றங்களைத் தவிருங்கள். பனடோல் போட்டுக்கொண்டு ஓடினால் இந்த அளவுகோல் பொய் சொல்லும்.

சிறுவயதிலிருந்தே குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கும் நீட்டல் தேவையா?

குதிகால் தரையில் பதிய முழுதாகக் குந்த முடிகிறவருக்குக் கணுக்கால் ஏற்கெனவே போதிய அளவு மடங்குகிறது. இன்னும் இழுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? குந்த முடியாதவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பெருவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, குதிகாலை எழுப்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொடக்கூடிய அதிகபட்சத் தூரத்தை அளந்து, மற்றக் காலையும் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் வந்தால் சாதாரண ஓட்டத்துக்குப் போதும் என்பது என் எண்ணம். அதைவிட நன்றாகக் குறைந்தால், அல்லது ஒரு கால் மற்றதைவிட வெளிப்படையாக மோசமாக இருந்தால், அவர்களுக்கு நீட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, நீட்டத்தான் போகிறேன். முறை என்ன?

மதிலில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பாதம் நேராக முன்னோக்கட்டும், வெளிப்பக்கம் திருப்பினால் பாதி இழுவை போய்விடும். குதிகால் தரையில், முழங்கால் நேராக, 30 விநாடி. பிறகு பின்காலைச் சற்று முன்னால் எடுத்து, முழங்காலை மடக்கி இன்னொரு 30 விநாடி. மதிலில் நீட்டுகிற பலரும் இந்த இரண்டாவதைச் செய்வதே இல்லை. துள்ள வேண்டாம். இழுவை தெரிய வேண்டும், நோவு தெரியக்கூடாது. ஓடி முடித்த பிறகு செய்வது வசதி.

கடற்கரை மணலில் ஓடினால் நாணுக்கு இதமாக இருக்குமா?

முழங்காலுக்கு இதமாக இருக்கலாம். நாணுக்கு, முக்கியமாக எலும்புப் பக்கம் நோவு உள்ளவர்களுக்கு, இல்லை. இளமணலில் குதிகால் புதைந்து கணுக்கால் கூடுதலாக மடங்கும், தள்ளி எழும்பவும் கெண்டைக்கால் அதிகம் உழைக்கும். வெள்ளவத்தைக் கடற்கரை கடலை நோக்கிச் சரிவது வேறு. புதிதாக ஆசைப்படுகிறவர் ஈரமணலில் ஒன்றிரண்டு கிலோமீற்றரோடு நிறுத்துங்கள்.

சப்பாத்தை மாற்றலாமா?

குதிப்பகுதி தாழ்ந்த சப்பாத்தில் நாணுக்கு வேலை கூடும். தவறில்லை, ஆனால் ஒரே நாளில் மாறாதீர்கள். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றிரண்டு மாதம் எடுங்கள்.

சீனி வருத்தம், கொலஸ்திரோல் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. இந்த ஊரில் நாற்பது தாண்டி ஓடத் தொடங்கும் பலர் டொக்டர் சொல்லித்தான் தொடங்குகிறார்கள், ஆகவே இது சின்ன விஷயமில்லை. நெடுங்காலம் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் நாணின் இழைகளில் மாற்றம் வந்து நாண் தடிக்கிறது, ஆறுவதும் தாமதமாகிறது. இவர்கள் தூரத்தை மற்றவர்களைவிட மெதுவாகக் கூட்ட வேண்டும். பரம்பரையாகக் கொலஸ்திரோல் மிக அதிகமாக உள்ளவர்களுக்குக் குதிகால் நாணிலேயே கொழுப்புப் படிந்து கட்டியாகத் தெரியலாம். இரண்டு நாணும் தடித்துக் காணப்பட்டால், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்களும் இருந்தால், இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் குளிசைகளையும் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குக் கொடுக்கும் இந்த நுண்ணுயிர்க்கொல்லிகள் நாண் நோவையும் அறுதலையும் வரவழைக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் கடுமையான எச்சரிக்கை போடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்ரெரொயிட் குளிசை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். நாணில் நோவு தொடங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மருந்து தந்தவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேன் எடுக்கட்டுமா? ஊசி போடட்டுமா?

நோவே இல்லாத ஓட்டக்காரர்களின் நாணிலும் ஸ்கேனில் தடிப்பும் மாற்றமும் தெரிவதுண்டு. அறுந்திருக்குமோ என்ற சந்தேகம் இல்லாவிட்டால் முதல் நாளே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ஸ்ரெரொயிட் ஊசி சில கிழமைகளுக்கு நோவை அடக்கும். நாணுக்குள் போட்டால் அது பலவீனமாகி அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது. சனல் பண்ணி, அதாவது வைத்தியரிடம் நேரம் பதிந்து, போன இடத்தில் முதல் சந்திப்பிலேயே ஊசி என்று சொன்னால், இயன்மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எப்போது உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

ஓடும்போது "டப்" என்று சத்தம், பின்னால் யாரோ உதைத்தது போன்ற உணர்வு, அதன் பிறகு முன்பாதத்தில் எழும்ப முடியாமை. நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, வேறொருவர் கெண்டைக்காலைப் பிசைந்து பார்க்கட்டும். பாதம் அசையாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. அசைந்தாலும் போய்க் காட்டுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இன்னொன்று, ஓட்டத்தோடு சம்பந்தமில்லாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோவது. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு அல்லது பல நாள் படுக்கையில் கிடந்த பிறகு என்றால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை நீட்டவும் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். அன்றைக்கே காட்டுங்கள்.

நீட்டுவதால் நிச்சயமாகப் பலன் கிடைக்கும் இடம் ஒன்றாவது இருக்கிறதா?

தசைப்பிடிப்பு. கெண்டைக்கால் கட்டியாக இறுகி உயிர் போகிறபோது முழங்காலை நேராக்கி, பாதத்தைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்தால் விட்டுக்கொடுக்கும். இதற்கு மேலான முதலுதவி கிடையாது. பிடிப்பு வராதிருக்கச் செவ்விளநீர் குடிப்பவர்கள் குடியுங்கள், கொழும்பு வெயிலில் நன்றாகவே இருக்கும். ஆனால் களைத்த தசையில் வரும் பிடிப்புக்கு முக்கியக் காரணம் பழக்கத்துக்கு மீறிய வேகமும் தூரமும். இரவு நித்திரையில் பிடிப்பு வருகிறவர்களுக்கும் நீட்டல் உதவுகிறது. 55 வயதைக் கடந்தவர்களைப் படுக்கப் போகுமுன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டச் சொல்லி நெதர்லாந்தில் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்தில் பிடிப்புகள் குறைந்தன. வீட்டில் அம்மா அப்பா இரவில் காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார்கள் என்றால், படுக்கும் முன் சுவரைப் பிடித்து அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.